கோழிக்கு எந்த வற்றல்? ஷாவ்சிங் அடுப்படியிலிருந்து ஓர் ஒப்பீடு

சீனாவின் செஜியாங் மாகாணத்தில் ஷாவ்சிங் என்றொரு பழைய நகரம். அதன் ஒரு பகுதி கெச்சியாவ். ஜவுளி வியாபாரம் செய்பவர்களுக்கு இந்தப் பேர் நன்றாகத் தெரியும். இங்குள்ள துணிச் சந்தையை நம்பி இந்தியாவிலிருந்து பலர் குடும்பத்தோடு வந்து தங்கியிருக்கிறார்கள், நாங்களும் அப்படி வந்தவர்கள்தான். புதிதாக வரும் பெண்கள் வந்த மாதமே என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அக்கா, மார்க்கெட்டில் சாக்குச் சாக்காக என்னென்னவோ வற்றல் வைத்திருக்கிறார்கள். கோழிக்கு இதில் எதை வாங்கிப் போடுவது?"

வற்றல் போட்ட கோழி இங்கே வீட்டுச் சமையல். கோழியை எலும்போடு துண்டு போட்டு, எண்ணெயில் சிவக்கப் புரட்டி, சோயா சாஸ், ஷாவ்சிங் அரிசி மது, இஞ்சி, வெங்காயத்தாள், ஒரு கட்டி கற்கண்டு சேர்த்து, மூடி போட்டுச் சிறு தீயில் வற்ற விடுவார்கள். 'ஹோங் ஷாவ்' என்று பேர். சிவப்பாக நிறம் ஏறுவதால் அப்படி. இதுவரை எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கூடச் சேர்க்கும் வற்றலில்தான் வீட்டுக்கு வீடு, ஊருக்கு ஊர் மாறுகிறது.

அந்தக் கேள்விக்கு நான் சொல்லும் முதல் பதில், வரிசையை மாற்றுங்கள் என்பது. கோழியை வாங்கி வைத்துவிட்டு வற்றலைத் தேடாதீர்கள். எந்த வற்றல் என்று முதலில் முடிவு செய்து, அதற்கேற்ற கோழியை வாங்குங்கள். ஒரு வற்றல் கொழுப்பைக் கேட்கும், ஒன்று நேரத்தைக் கேட்கும், ஒன்று எதையும் கேட்காமல் இருப்பதை வைத்துக்கொண்டு குழம்பைத் தூக்கிவிடும். அது தெரியாமல் போட்டால் நல்ல கோழியும் வீண், நல்ல வற்றலும் வீண்.

இந்த ஊர்ச் சரக்கிலிருந்தே தொடங்குகிறேன். வெளியூர்க்காரர்கள் மெய்கான்சாய் என்பார்கள், ஷாவ்சிங்கில் வெறும் கான்சாய், அதாவது காய்ந்த கீரை. கறுப்புக் கூரைப் படகு, கறுப்புக் கம்பளித் தொப்பி, கறுப்புக் கீரை என்று மூன்று கறுப்புகளை இந்த ஊரின் அடையாளமாகச் சொல்வது வழக்கம். அந்த மூன்றாவது கறுப்பு இதுதான். பெரும்பாலும் கடுகுக் கீரை. நாம் தாளிக்கும் கடுகு இருக்கிறதே, அதே இனத்துச் செடியை இங்கே இலைக்காக வளர்க்கிறார்கள். முட்டைக்கோஸ் வகை, எண்ணெய்க் கடுகு வகைக் கீரைகளிலும் செய்வதுண்டு. ஆனால் வாசனையில் கடுகுக் கீரைதான் முந்தி நிற்கும்.

ஏப்ரலில், முன்னோர் கல்லறைக்குப் போய் வரும் சிங்மிங் நாளை ஒட்டிக் கீரை வெட்டு. எங்கள் கீழ்வீட்டு ஆயி வருடம் தவறாமல் போடுவார். (சித்தி, அத்தை வயதில் இருக்கும் பெண்களை இங்கே ஆயி என்றுதான் கூப்பிடுவார்கள். நம் காதுக்கும் அந்நியமில்லாத சொல், அதனால் முதல் நாளே வாயில் ஒட்டிக்கொண்டது.) கீரையைக் கொடியில் போட்டு வாட்டி, மஞ்சள் பூக்கும்வரை குவித்து வைத்து, நறுக்கி, உப்புப் போட்டுப் பிசைந்து, மண்சாடியில் கையால் அமுக்கி அமுக்கி நிரப்பி, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைப்பார். இரண்டு மூன்று வாரத்தில் புளித்து வாசனை கிளம்பியதும் வெயிலில் பரப்புவார். காயக் காயப் பச்சை பழுப்பாகும், பழுப்பு கறுப்பாகும். அந்த நாட்களில் மாடிப்படியெல்லாம் ஒரு மணம் ஏறி நிற்கும். ஊரில் மோர்மிளகாய் காயும்போது வருமே, அதற்குப் பக்கத்தில் வரும், கொஞ்சம் தித்திப்புக் கலந்த மணம்.

கான்சாயின் குணம் கொழுப்பைக் குடிப்பது. அதனால்தான் இந்த ஊரில் அதற்கு முதல் ஜோடி பன்றியின் வயிற்றுக்கறி. கொழுப்பு கீரைக்குள் இறங்கும், கீரையின் உப்பும் புளிப்பும் கறிக்குள் ஏறும். எங்கள் வீட்டில் பன்றிக்கறி சமைப்பதில்லை, அதனால் கோழியில் செய்யப் பார்த்தேன். முதல் தடவை தோலில்லாத நெஞ்சுக்கறியைப் போட்டு, வழக்கமான அளவு சோயா சாஸும் ஊற்றினேன். கறி நார் நாராகப் போனது. கீரை வைக்கோல் மாதிரி வாயில் நின்றது. உப்பு தாங்கவில்லை, போதாததற்குப் பல்லில் மணல். அந்தப் பாத்திரத்தை அப்படியே ஆயியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "கீரை பசியோடு இருக்கிறது. நீ அதற்கு ஒன்றுமே கொடுக்கவில்லை."

அன்றைக்கு அவர் சொல்லிக் கொடுத்தபடிதான் இன்றைக்கும் செய்கிறேன். ஒரு கிலோ கோழிக்கால், தோலோடு, எலும்போடு. கான்சாய் 60 கிராம் போதும், ஊறினால் கை கொள்ளாது. நாலைந்து தண்ணீரில் அலசி மணலைப் போக்கி, அரை மணி நேரம் ஊறவைத்து, ஒட்டப் பிழிய வேண்டும். கோழியைத் தோல்பக்கம் கீழே இருக்கும்படி வாணலியில் வைத்து, அதன் கொழுப்பு உருகி இறங்கும்வரை கிளறாமல் விட வேண்டும். கோழியை எடுத்துவிட்டு, அந்தக் கொழுப்போடு இன்னும் இரண்டு கரண்டி எண்ணெய் சேர்த்து, இஞ்சி போட்டு, பிழிந்த கீரையை வதக்க வேண்டும். ஈரம் சுண்டி, உதிரி உதிரியாகப் பிரிந்து, வாசனை மாறும் ஒரு கட்டம் வரும். பச்சையான புளிப்பு வாடை போய், வறுத்த தேயிலை மாதிரி ஒன்று எழும்பும். அதுவரை அவசரப்படக் கூடாது. அப்புறம் கோழியைத் திருப்பிப் போட்டு, கால் டம்ளர் அரிசி மது, கற்கண்டு, நிறத்துக்கு அடர் சோயா சாஸ் ஒரு கரண்டி, மூழ்குமளவு வெந்நீர். உப்பும் வேண்டாம், வெளிர் சோயா சாஸும் வேண்டாம். சிறு தீயில் 40 நிமிடம்.

இதை மறுநாள் சாப்பிட வேண்டும். ஆவியில் சூடு செய்யச் செய்யக் கீரை மிருதுவாகி, கறுப்பு இன்னும் பளபளக்கும். மூன்றாம் நாள் கோழி தீர்ந்திருக்கும். மிஞ்சிய கீரையைச் சுடுசோற்றில் பிசைந்து சாப்பிடுவதற்காகவே என் பையன் காத்திருப்பான். வற்றல்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது என்பதை மறைக்கப் போவதில்லை. ஆனாலும் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதை நான் முதலில் சொல்வதில்லை. அலசல், பிழிதல், வதக்கல் என்று மூன்று இடத்தில் தவறலாம், உப்பின் அளவும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் மாறும்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தென்சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் ஹக்கா என்ற இனத்தவர் செய்யும் மெய்சாய் என்று ஒன்று உண்டு. பேர் ஒன்றுபோல் இருந்தாலும் சரக்கு வேறு. முழுசாகக் காயாமல், ஈரப்பதத்தோடு, மேலே உப்புப் பூத்து நீளநீளமாக இருக்கும். இனிப்பு, உப்பு என்று இரண்டு வகை வரும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது இதுதான். அங்கே இருப்பவர்கள் மேலே சொன்ன அளவை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உப்பு வகையென்றால் ஒரு மணி நேரமாவது ஊறவைத்து, இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி, ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்த பிறகே அடுப்பில் ஏற்றுங்கள்.

அடுத்தது காய்ந்த சியாங்கு காளான். ஜப்பானியப் பேரில் ஷிட்டாகே என்றால் இன்னும் பலருக்குத் தெரியும். மேலே கேட்ட கேள்விக்கு நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு நான் சொல்லும் பதில் இதுதான். செஜியாங்கின் தெற்கில் மலைகளுக்கு நடுவே சிங்யுவான் என்ற ஊர் இருக்கிறது. மரத்தை வெட்டிச் சாய்த்து, அதில் கோடரியால் கொத்தி, இந்தக் காளானை வளர்க்கும் முறையை சோங் அரசர்கள் காலத்திலேயே தொடங்கிய ஊர் என்று சொல்வார்கள். அந்த முறையைக் கண்டவர் என்று ஊ சான்கோங் என்பவருக்கு அங்கே கோயிலே கட்டிக் கும்பிடுகிறார்கள்.

பச்சைக் காளான் இருக்கும்போது காய்ந்தது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. காய்ந்ததில் இரண்டு சங்கதி கூடுகிறது. ஒன்று மணம், அது காய்ந்து ஊறும்போதுதான் முழுசாக வெளிவரும். இன்னொன்று சுவை. காய்ந்த காளானைச் சமைக்கும்போது குவானிலேட் என்ற பொருள் மிகுதியாகக் கிடைக்கிறது. 1950களின் பிற்பகுதியில் ஜப்பானிய அறிஞர் அகிரா குனினாகா ஆராய்ந்து சொன்ன சங்கதி இது. சோயா சாஸில் இருக்கும் குளுட்டமேட் என்ற சுவைப்பொருளோடு குவானிலேட் சேர்ந்தால் இரண்டும் தனித்தனியே தரும் சுவையைவிடப் பல மடங்கு ஏறும். அஜினமோட்டோ எதுவும் போடாமலே கோழிக்குழம்பு நாக்கில் நின்று பேசுவதற்குக் காரணம் அந்தக் கூட்டணிதான்.

ஊறவைப்பதில் மட்டும் ஒரு கண்டிப்பு. குளிர்ந்த தண்ணீர், ஃப்ரிட்ஜில், இரவு முழுக்க. அவசரத்துக்கு வெந்நீர் ஊற்றினால் மேலே மெத்தென்றும் நடுவே கட்டையாகவும் இருக்கும், சுவையும் பாதிதான் வரும். ஒரு கிலோ கோழிக்கு நடுத்தர அளவில் எட்டு முதல் பத்துக் காளான். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். அடியில் படிந்த மண்ணை மட்டும் விட்டு, மேல்தண்ணீரை வடித்துக் குழம்பில் ஊற்றுங்கள், பாதி ருசி அதில்தான் இருக்கிறது. காம்பை வெட்டி எடுத்துவிடலாம். தொப்பி தடித்து, மேலே பூப்போல வெடித்திருக்கும் ரகம் விலை கூடுதல். விருந்துக்கு அதை வாங்குங்கள். தினப்படிக்கு மெல்லிய ரகமே போதும், நிறைய நேரம் வேகும் குழம்பில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

கோழி விஷயத்தில் காளான் ரொம்பப் பெருந்தன்மை. தொடைக்கறியா, முழுக்கோழியா, ப்ராய்லரா, நாட்டுக்கோழியா, எதனோடும் சேரும். நெஞ்சுக்கறி மட்டும் இருக்கிறது என்றாலும் 20 நிமிடத்தில் இறக்கிவிட்டால் தப்பில்லை. நேரமில்லாதவர்கள், குழந்தைகளுக்குச் சமைப்பவர்கள், சோயா சாஸ் வாசனைக்கே இன்னும் பழகாதவர்கள், எல்லோரும் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மூங்கில் குருத்து வற்றல் வேறு மாதிரி. செஜியாங்கின் தலைநகர் ஹாங்சோவுக்கு மேற்கே தியன்மு மலை, அந்தப் பக்கத்துக் குருத்து பேர் பெற்றது. உப்புத் தண்ணீரில் வேகவைத்துக் காயவைத்த மெல்லிய குருத்துகளை பியன்ஜியன் என்பார்கள். ஹாங்சோவில் அதைக் கிழட்டு வாத்தோடு போட்டு மணிக்கணக்கில் வேகவைப்பது பிரசித்தம். அந்த வாத்தின் இடத்தில் முட்டையிட்டு ஓய்ந்த முதிர்ந்த பெட்டைக்கோழியை வைத்துப் பாருங்கள், அப்போதுதான் இதன் அருமை தெரியும். இளங்கோழியோடு போட்டால் குருத்து வேகும்முன் கறி கரைந்துவிடும். முதிர்ந்த கோழிக்கு இரண்டு மணி நேரம், குருத்துக்கும் இரண்டு மணி நேரம், இரண்டும் சேர்ந்தே பதத்துக்கு வரும். ஊரிலிருந்து குக்கர் கொண்டுவந்தவர்கள் 20 நிமிடம் குக்கரில் வைத்து, பிறகு திறந்து வற்ற விடலாம். உப்புப் போட்ட குருத்தென்றால் இரண்டு மணி நேரம் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். உப்பில்லாத தடித்த ரகத்துக்கு ஒரு நாள் முழுக்க ஊறலும், அப்புறம் ஒரு வேக்காடும் தேவை. ஞாயிற்றுக்கிழமைச் சமையல் இது, வேலைநாளில் கை வைக்காதீர்கள்.

பொன்னூசி என்று நான் மொழிபெயர்த்துச் சொல்வது ஹுவாங்ஹுவா சாய், லில்லி மாதிரிப் பூக்கும் ஒரு செடியின் மொட்டு. மலருமுன் பறித்து, ஆவியில் காட்டிக் காயவைப்பார்கள். பச்சையாக இருக்கும்போது அதில் கோல்சிசின் என்ற நச்சு உண்டு, ஆகவே காய்ந்ததை வாங்குவதே நல்லது. சீனத்தில் யாராவது ரொம்பத் தாமதமாக வந்தால் "பொன்னூசிக் கறியே ஆறிப்போச்சு" என்பார்கள். கண்ணைப் பறிக்கும் மஞ்சளாக இருந்தால் கந்தகப் புகை காட்டியிருக்கலாம். மங்கலான பழுப்பு மஞ்சளாக, முகர்ந்தால் காரமாக மூக்கில் ஏறாமல் இருப்பதைப் பொறுக்குங்கள். அரை மணி நேரம் ஊறினால் போதும். அடிக்காம்பின் கட்டையான நுனியைக் கிள்ளிவிட்டு, ஒவ்வொன்றையும் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டால் வேகும்போது சிதையாது. பூக்கட்டத் தெரிந்த கைக்கு அது ஒரு வேலையே இல்லை.

இதற்குத் துணை காதுக்காளான், கறுப்பாக, கடிக்கும்போது நறுக்கென்று இருப்பது. குவாங்டாங் பக்கத்தில் இந்த இரண்டோடு சிவப்புப் பேரீச்சை எனப்படும் காய்ந்த சீன இலந்தையும் சேர்த்துக் கோழியை ஆவியில் வேகவைப்பார்கள், அதே கூட்டு ஹோங் ஷாவிலும் நன்றாக வரும். சுவை மென்மையானது, பூவின் லேசான தித்திப்பு. கான்சாய் மாதிரி அதட்டாது, காளான் மாதிரி ஆழம் கிடையாது. வயதானவர்களுக்கு, உடம்பு தேறி வருபவர்களுக்கு இதைச் செய்து கொடுப்பேன்.

காதுக்காளான் விஷயத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வெயில் காலத்தில் அதை இரவெல்லாம் வெளியே ஊறவைக்காதீர்கள். நீண்ட நேரம் ஊறியதில் ஒருவகை பாக்டீரியா வளர்ந்து போங்க்ரெகிக் அமிலம் என்ற கொடிய நச்சை உண்டாக்கும். கொதிக்க வைத்தாலும் அது போகாது, ஈரலைத் தாக்கி உயிரையே எடுக்கும். ஒன்று, இரண்டு மணி நேரம் ஊறினால் தாராளம். வேண்டிய அளவு மட்டும் ஊறவைத்து அன்றைக்கே சமைத்துவிடுங்கள். வழவழப்பாகவோ வாடையாகவோ மாறியிருந்தால் யோசிக்காமல் கொட்டுங்கள்.

வடகிழக்குச் சீனாவிலிருந்து இங்கே வந்து கடை வைத்திருப்பவர்கள் ஜென்மோ என்ற காட்டுக்காளானை விற்பார்கள். சின்னத் தொப்பி, நீண்ட காம்பு, ஈர மண்ணும் காட்டுச் சருகும் கலந்த மணம். அங்கே கடுங்குளிரில் கோழியும் ஜென்மோவும் கண்ணாடிச் சேமியாவும் போட்டு ஒரே சட்டியில் கொதிக்கவிடுவார்கள். "மாப்பிள்ளை வாசலில் கால் வைத்தால் கோழிக்கு உயிர் போச்சு" என்று அங்கே ஒரு பழமொழி. மாப்பிள்ளை விருந்து என்றால் என்னவென்று தெரிந்த நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. காட்டில் பொறுக்கியது என்பதால் தூசியும் சருகும் நிறைய இருக்கும், பொறுமையாகக் கழுவ வேண்டும். நல்ல நாட்டுக்கோழி கிடைக்கும் குளிர்கால நாளில் செய்து பாருங்கள். ப்ராய்லரில் செய்தால் காளானின் மணத்துக்குக் கோழி ஈடு கொடுக்காது.

காராமணிக்காய் வற்றலும் உண்டு. கொதிநீரில் போட்டெடுத்துக் காயவைத்தது, நம்மூர்க் கொத்தவரங்காய் வற்றலுக்கு ஒன்றுவிட்ட தங்கை. குழம்பை நன்றாக உறிஞ்சும், விலை மலிவு, காரம் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் அதற்கென்று தனிக்குரல் கிடையாது. பாத்திரத்தில் அளவைக் கூட்டிக் காட்டவேண்டிய நாளில் எடுத்துக்கொள்ளலாம்.

இவற்றில் இரண்டைச் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். காளானும் பொன்னூசியும் சேரும், காதுக்காளானையும் அதில் விடலாம். கான்சாயோடு மூங்கில் குருத்து சேரும், குருத்தைக் கான்சாயோடு சேர்த்தே காயவைத்து விற்பவர்களும் இந்த ஊரில் உண்டு. கான்சாயோடு சியாங்குவைச் சேர்க்காதீர்கள், இரண்டும் குழம்பு தனக்கே என்று நிற்கும், கடைசியில் எதுவும் தெளிவாகத் தெரியாது. வீட்டில் ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் இருந்தால் கான்சாயும் பியன்ஜியனும் வேண்டாம், எவ்வளவு அலசினாலும் உப்பு உப்புதான். காளானும் பொன்னூசியும் அவர்களுக்குச் சரி, சோயா சாஸை மட்டும் குறைத்துக்கொள்ளலாம்.

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்ந்த ஒரு பெண் இதே கேள்வியோடு என்னைப் பார்க்க வந்தாள். இரண்டு வயதுக் குழந்தை, கணவர் சந்தையிலிருந்து திரும்ப ராத்திரி எட்டாகும், வீட்டில் ஒரே ஒரு அடுப்பு. மெல்லிய ரகக் காளான் 100 கிராமும் பொன்னூசி 50 கிராமும் வாங்கச் சொன்னேன். கோழியில் தொடைப்பகுதி, தோலோடு. ராத்திரி படுக்கப் போகுமுன் காளானை ஃப்ரிட்ஜில் ஊறப் போட்டுவிட்டால் மறுநாள் 40 நிமிடத்தில் சமையல் முடியும். கான்சாயை மார்க்கெட்டில் பார்த்து ஆசையாக இருக்கிறது என்றாள். பழைய சரக்கை வாங்காதே, புதுக்கீரை காய்ந்து மே மாதம் வந்துவிடும் என்றேன். ஆயியிடம் அவளுக்கும் ஒரு ஜாடி சொல்லி வைத்திருக்கிறேன்.